நெஞ்சுக்குள்ள மூணு தையல் மிஷின்

ஏ மக்கா, காலை நீட்டிக்கிட்டு உக்காந்தது போதும், கொஞ்சம் மடக்குங்கடே, கதை நடந்து வர வழி வேணும்ல. இதுவரைக்கும் யார்ட்டயும் “நான் இருக்கேன்ல, நீ ஏன் கவலப்படுத”ன்னு வாய்க்கு வந்தாப்ல சொல்லாத ஆளு எவனாவது இங்க இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம். ஒருத்தனும் தூக்கல. ஏ, நீ ஏன்டே தூக்குத? உன்னை நம்பி இதுவரைக்கும் எவனும் ஒரு செருப்பைக் கூட விட்டுட்டுப் போனதில்ல, நீ கணக்குலயே வரமாட்ட, கையை இறக்கு. மிச்சம் பேரு அத்தனை பேரும் நம்ம சொரிமுத்து கட்சிதான், அதனால சிரிக்கணும்னா ஒரு கையால நெஞ்சைப் பொத்திக்கிட்டே சிரிங்க, உள்ள எதாவது ஓடுற மாதிரி இருந்தா எங்கிட்ட வந்து சொல்லாதிய, எனக்கு வைத்தியம் தெரியாது.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல புளியடிச்சத்திரம்னு ஒரு ஊரு. ரயிலு அங்க வந்ததும் நிக்கவா போகவான்னு கொஞ்சம் யோசிச்சிட்டு, சரி, நின்னுதான் தொலைவோம்னு நிக்கும். அந்த ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல பஜார்ல பகவதி காம்ப்ளெக்ஸ்னு ஒரு மாடிக் கட்டடம், கீழ வரிசையாக் கடை, மேல வீடு, வீட்டுல சொரிமுத்துவும் அவன் அம்மை பகவதியும். சொரிமுத்து அய்யனாருக்கு நேந்து வச்ச பேரு, ஆனா பள்ளிக்கூடத்துப் பயலுக அதைச் சுருக்கி ‘சாரி’ன்னு கூப்பிடப் போக, பொறந்ததுல இருந்தே மன்னிப்புக் கேட்டுக்கிட்டு அலையுறவன் மாதிரி ஆயிப்போச்சு, உண்மையில ஒரு தடவை கூட கேட்டதில்லங்கிறது வேற விசயம். இஞ்சினியரிங் காலேஜுக்குப் போனான், காலேஜு இவனை விட்டுச்சா இவன் காலேஜை விட்டானான்னு ரெண்டு பேருக்குமே வெளங்காம பாதியில ஊருக்கு வந்துட்டான், வந்த வருசமே அவன் அப்பா கண்ணை மூட, கட்டடம் இவன் தலையில விழுந்துச்சு, செங்கலாச் சரிஞ்சிருந்தா ஒரு ஓரமா ஒதுங்கியிருப்பான், சொத்தா விழுந்ததால ஒதுங்க முடியல.

இருபத்தாறு வயசுல கட்டட முதலாளி. வேலைன்னு பாத்தா ஒண்ணுமில்ல, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முதல் கடையில டீக்கடை வச்சிருக்க மைதீன் பாய் பெஞ்சுல உக்காந்து வாயடிக்கணும், அவ்வளவுதான். தண்ணி வரலன்னு வாடகைக்காரன் வந்தா “குத்தாலத்து அருவியிலயே வரல, உன் கடையில எப்படி வரும்”ங்கான். கரண்டு கம்பி தொங்குதுன்னு வந்தா “தொங்கட்டும் அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேரும் மட்டும் என்ன ஊனியா நிக்கோம்”ங்கான். வந்தவன் சிரிச்சிருவான், சிரிச்சவன் திரும்பி வந்து அதையே கேக்கக் கூச்சப்படுவான், கூச்சப்பட்டவன் தானே ஆளு வச்சுச் சரி பண்ணிக்கிடுவான். இப்படி ஒரு வித்தையை எந்தக் காலேஜுல சொல்லிக் குடுக்கான், சொல்லுங்க? அவனாக் கண்டுபிடிச்சது.

மூணாவது கடைக்கு ஜெபக்கனி வந்தா. ஜெபக்கனி லேடீஸ் டெய்லர். புருசனை வேண்டாம்னு விட்டுட்டு, மகளை ஹாஸ்டல்ல சேத்துட்டு, மூணு மிஷினைக் கொண்டு வந்து இறக்குனா: காலால மிதிக்குறது ஒண்ணு, மோட்டார் வச்சது ஒண்ணு, ஓரம் அடிக்குறது ஒண்ணு. கடை தொறந்த அன்னைக்கு உபதேசியார் வந்து ஜெபமும் பண்ணுனாரு, அடுப்பு மூட்டிப் பாலும் காய்ச்சுனாங்க, ரெண்டு பக்கமும் ஒரு பாதுகாப்புன்னு. எல்லாரும் போன பெறகு அவ ஷட்டர்கிட்ட குத்த வச்சு உக்காந்து பூட்டு மாட்டுற கொண்டியைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தா.

“தம்பி, இந்த இடப்பக்கத்துக் கொண்டி ஆடுது பாத்தியா? உள்ள என் மிஷின் இருக்கும், ஊரான் வீட்டுத் துணி இருக்கும். நாளைக்கு எதாவது காணாமப் போச்சுன்னா நான் யாரைக் கேக்க?”

சொரிமுத்து நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டி, “என்னைக் கேளுங்கக்கா”ன்னான்.

“கொண்டியைச் சரி பண்ணிக் குடுத்துட்டா கேக்கவே வேண்டாமே.”

“பாத்துக்கிடலாம்கா. எந்தக் கள்ளனாவது இந்தக் கொண்டியைப் பாத்தான்னு வைங்க, பாவப்பட்டு அவனே நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போயிருவான்.”

அவளும் சிரிச்சிட்டா. அதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு தடவை ஞாபகப்படுத்துனா, அப்பவும் சிரிக்க வச்சு அனுப்பிட்டான். என்னைக் கேளுங்கங்கிறது நம்ம ஊர்ல யாரு சொல்லல? கல்யாணத் தரகன் சொல்லுதான், ஆட்டுச் சந்தையில ஆடு விக்கவன் சொல்லுதான், பல்லு புடுங்குத டாக்டரு சொல்லுதாரு, பெத்த தகப்பன் மருமகன்ட்ட சொல்லுதாரு, சொன்ன ஒருத்தனுக்கும் எதுவும் ஆகல. ஆனா நாமதான் காதுக்கும் வாய்க்கும் ஒரே வார்த்தையை வச்சிக்கிட்டுக் காலத்தை ஓட்டுதோமே, காதால கேட்டாலும் கேக்குறதுதான், வாயால கேட்டாலும் கேக்குறதுதான். எந்தக் கேக்குறதுன்னு அவன் பிரிச்சுச் சொல்லாம விட்டுட்டான். அவ்வளவுதான் நடந்தது, இதுக்கு மேல காரணம் தேடுறவன் கோயிலுக்குப் போயிக் குறி கேட்டுக்கிடட்டும்.

ஆடி கடைசி. ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரே ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு நாளை எண்ணிக்கிட்டு இருந்த நேரத்துல, ஒரு விடியக்காலம் ஜெபக்கனி வந்து பாக்கா, ஷட்டரு அரைகுறையாத் தூக்கிக் கெடக்கு, கொண்டி பேத்து எடுத்துக் கீழ கெடக்கு. உள்ள மிஷின் இல்ல, துணி மூட்டை இல்ல, முகூர்த்தச் சேலை இல்ல, தரையில மட்டும் மிஷின் காலு நின்ன இடம் வெள்ள வெள்ளையா, பல்லு விழுந்த வாயி மாதிரி. அவ அலறல, அழல, கழுத்துல கெடந்த டேப்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு மாடிப்படியில ஏறுனா. சொரிமுத்து பல்லு தேச்சுக்கிட்டு நின்னான்.

“தம்பி, கடையில ஒண்ணுமில்ல. உன்னைத்தான கேக்கணும் நான்?”

அவன் நொரையைத் துப்பிட்டு, வழக்கம் போல நெஞ்சைத் தட்டி, “கேளுங்கக்கா, என்னைக் கேளாம வேற யாரை”ன்னு ஆரம்பிச்சவன், அடுத்து ஒரு வேடிக்கை சொல்லணும்னு வாயைத் தெறந்து, அது வராம ஒரு மூச்சு நேரம் நின்னான். அந்த ஒரு மூச்சுலதான் கேட்டுச்சு. தடக் தடக் தடக்னு மிதி மிஷின், அதுக்கு மேல கிர்ர்ருன்னு மோட்டார் மிஷின், அதுக்கும் மேல சர்ருன்னு ஓரம் அடிக்குறது, மூணும் அவன் பனியனுக்குள்ள இருந்து. ஜெபக்கனி அவன் நெஞ்சை ஒரு தடவை பாத்தா, அளவுக்குக் கொண்டு வந்த பழைய ஜாக்கெட்டைப் பாக்குற மாதிரி. பாத்துட்டு எறங்கிப் போயிட்டா.

மத்தியானம் சோறு போடும்போது பகவதி கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டா, “எய்யா, உன் நெஞ்சுக்குள்ள யாரு உக்காந்து தைக்கா?” அவன் அப்பளத்தைக் கடமுடன்னு கடிச்சுப் பாத்தான், மடக் மடக்குன்னு சத்தமாத் தண்ணி குடிச்சுப் பாத்தான், ஒண்ணும் மறைக்கல. டாக்டர்ட்ட கூட்டிப் போனா. டாக்டரு குழாயை வச்சுக் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டுட்டு, “துடிப்புல குறை இல்ல. மூணுல ஒண்ணுக்கு மட்டும் எண்ணெய் விடணும்”னாரு. “எந்தப் பக்கமாய்யா விட?”ன்னா பகவதி. “சாப்பாட்டுக்குப் பெறகு ஒரு கரண்டி”ன்னு எழுதிக் குடுத்துட்டு, போகும்போது, “எம் பொண்டாட்டி ஜாக்கெட் ஒண்ணும் ஜெபக்கனிட்ட கெடந்துச்சு, அதைத் தச்சாச்சான்னு தெரியுமா?”ன்னு சொரிமுத்துகிட்டயே கேட்டாரு.

அங்கதான் மக்கா ஆரம்பிச்சது. அடுத்த நாளு விடிஞ்சு பாத்தா மைதீன் கடை பெஞ்சுல இடமில்ல. நெஞ்சுக்குள்ள மிஷின் ஓடுற மனுசன் இருக்கான்னு யாரும் வாயைப் பொளக்கல, நம்ம ஊருக்காரனுக்கு எது நடந்தாலும் அதுல எனக்கு என்ன வேலை ஆகும்னுதான் முதல்ல தோணும். ஆம்பளைங்க நேரா காதை வச்சாங்க. பொம்பளைங்க வயசுப் பையன் நெஞ்சுல எப்படிக் காதை வைக்கன்னு தயங்குனாங்க, அதுக்கு மைதீன் பாய் மண்ணெண்ணெய் ஊத்துற புனலைக் கழுவி எடுத்து, சைக்கிள் கடையில ஒரு முழம் ரப்பர் டியூப் வாங்கி மாட்டிக் குடுத்துட்டாரு, புனலு இவன் நெஞ்சுல, டியூப்பு அவங்க காதுல, நடுவுல ஒரு முழம் மானம்.

“மொதலாளி, ஒரு சந்தேகம்”னாரு மைதீன். “நாளைக்கு எங் கடையில களவு போனா உமக்குள்ள பாய்லரு கொதிக்குமா?”

“கொதிக்கட்டும் பாய். அப்பமாவது உங்க டீ சூடா இருக்கும்.”

சிரிச்சாங்க. கேட்டாங்க. ஜெபக்கனிட்ட துணி குடுத்த அத்தனை பேரும் வந்து கேட்டாங்க. “இது மோட்டார் மிஷினுதான், வளைவு வரும்போது லேசா இழுக்கும் பாத்தியா, அப்பம் ஜாக்கெட்டுக் கை தைக்கா”ன்னு ஒருத்தி. “ஓரம் அடிக்கா, ஓரம் அடிக்கா, அப்பம் முடியப் போவுது”ன்னு இன்னொருத்தி. “கழுத்தை ரொம்ப இறக்கிராத தாயி, எங்க அவுக வீட்டு ஆளுக ஒரு மாதிரி”ன்னு டியூப்புக்குள்ள வாயை வச்சு அளவு சொன்னவ ஒருத்தி. முப்பிடாதின்னு ஒருத்தி, அவ மகளுக்கு ஆவணி ரெண்டாவது முகூர்த்தத்துல கல்யாணம், பட்டு ஜாக்கெட் ஜெபக்கனிட்டதான் கெடந்துச்சு, அவ தெனமும் வந்து கேட்டுட்டு, “ஹூக்கு வச்சாச்சு, ஹூக்கு வச்சாச்சு”ன்னு ஊரு முழுக்கச் சொல்லிக்கிட்டே போனா. துணி போச்சேன்னு அழுதவ எல்லாம் அழுகையை நிறுத்திட்டாங்க. மிஷின்தான் ஓடுதே. போதாததுக்கு, புதுத் துணியை மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து அவன் மடியில வச்சு, “தீவாளிக்கு முன்னாடி வேணும்”னு சொல்லிட்டுப் போகவும் ஆரம்பிச்சாங்க.

போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஏட்டையா வந்தாரு. தொப்பியைக் கழட்டிட்டுக் காதை வச்சாரு. “களவு போச்சுன்னாத்தான் கேசு. இங்க சாமான் ஓடிக்கிட்டு இருக்கு. இதுக்குப் பேரு களவு இல்ல, இடமாத்தம்.” கட்டட முதலாளிமாரு எல்லாரும் கல்யாண மண்டபத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. வாடகைக்கு விட்டவன் சுவருக்கும் கூரைக்கும்தான் பொறுப்பு, உள்ள இருக்க சாமானுக்கு வாடகைக்காரன்தான் பொறுப்புன்னு ஒரு வக்கீலு எந்திரிச்சுச் சொன்னாரு. “அப்ப கொண்டி சுவரா, சாமானா?”ன்னு பின்னாடி இருந்து ஒரு குரலு வந்துச்சு, வக்கீலு தண்ணி குடிச்சாரு. அன்னையில இருந்து புளியடிச்சத்திரத்துல ஒரு முதலாளியும் என்னைக் கேளுன்னு சொல்லுறதில்ல, பஜார்ல நடக்கும்போது ஒரு கையால நெஞ்சைப் பொத்திக்கிட்டே நடந்தாங்க, ரெண்டு பேரு எதுத்து எதுத்து வந்தா, கைக்கு அடியில எதாவது ஓடுதான்னு ஒருத்தன் ஒருத்தனை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டான்.

இவ்வளவு கூத்துலயும் மூணாவது கடை ஷட்டரு தெனமும் காலையில தெறக்கும், சாயங்காலம் அடைக்கும். உள்ள ஜெபக்கனி, ஒரு ஸ்டூலு, ஒரு கத்திரிக்கோலு. ஊசி நூலை வச்சுக் கையாலயே ஒண்ணு ரெண்டு பழசுக்குத் தையல் போட்டா. மொதல்ல பாவம்னு வந்து பாத்தவங்க இப்ப வாசல்ல நின்னே கேட்டாங்க, “உனக்கென்னட்டி, உன் மிஷின்தான் அங்க ஜம்முனு ஓடுதே.” பறிகொடுத்தவள்னு ஒரு பேராவது அவளுக்கு மிச்சம் இருந்துச்சு, அதையும் ஊரு இப்படிப் பிடுங்கிக்கிடுச்சு. புனலைத் தூக்கிக்கிட்டு ஊரே போச்சு, அவ மட்டும் ஒரு நாளும் போகல. கேக்க வந்தவங்க எல்லாம் கேட்டாங்க, கேக்க வேண்டியதை மட்டும் ஒருத்தரும் கேக்கல.

இனிமேதான் கொஞ்சம் கிட்ட வாங்க, இதைச் சத்தமாச் சொல்ல முடியாது.

சொரிமுத்துக்கு ஒரு விசயம் சீக்கிரமே பிடிபட்டுச்சு. அவன் பேசுனா மிஷின் சத்தம் அமுங்கும், பேச்சை நிறுத்துனா மேல வரும். அதனால பேசுனான். முன்னாடி வேடிக்கைக்குப் பேசுனவன் இப்ப மூச்சு விடுறதுக்குப் பதிலாப் பேசுனான், டீ குடிச்சுக்கிட்டே பேசுனான், கக்கூஸுக்குள்ள இருந்து பேசுனான், கேக்க ஆளில்லன்னா ரயிலைப் பாத்துப் பேசுனான். ஊரு நெனச்சுது, பயலுக்குக் கொழுப்பு கூடிப்போச்சுன்னு. கொழுப்பில்ல. ஒரு நாளு குளிக்கப் போனவன் குழாயைத் தெறந்து விட்டுட்டு, அந்தப் புனலை எடுத்துத் தன் நெஞ்சுல தானே வச்சுக் கேட்டான். மூணு மிஷினும் ஓடுச்சு. பொறுமையாக் கேட்டுக்கிட்டே இருந்தான், மிஷினுக்கு அடியில ஷட்டரைத் தூக்குற சத்தம் இருந்துச்சு, ஷட்டருக்கு அடியில யாரோ நடக்குறது, பேசுறது, அதுக்கும் அடியில, கெணத்து அடி மண்ணு மாதிரி, ஒரு ஃபேனு சுத்துற சத்தம், அதோட ஒரு கட்டிலு கிறீச்சுன்னு ஒரே ஒரு தடவை. அந்தக் கட்டிலு யாரு வீட்டுதுன்னு அவனுக்குத் தெரியும். புனலைக் கீழ போட்டுட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துனான், ஊத்திக்கிட்டே தனக்குத்தானே ஒரு சிரிப்புக் கதை சொன்னான்.

யாரு காதாவது அவ்வளவு ஆழம் போயிருச்சுன்னா? அதுதான் பயம். நல்ல வேளை, ஜனங்களுக்குத் தன் ஜாக்கெட் சத்தம் கேட்டாப் போதும், அதுக்குக் கீழ எறங்க யாருக்கும் நேரமில்ல.

ஆவணி ரெண்டாவது முகூர்த்தம் வந்துச்சு. மண்டபத்துல மேளம் அடிக்கான், பொண்ணு பழைய ஜாக்கெட்டோட உக்காந்திருக்கா, முப்பிடாதி ஓடி வந்து சொரிமுத்து நெஞ்சுல புனலை வச்சா. தைக்குது. முடிஞ்ச பாடில்ல. கையை நீட்டுனா, கொண்டாங்கிற மாதிரி, நெஞ்சுல இருந்து எங்க குடுக்க? அக்கம்பக்கத்துல எரவல் வாங்குன, இடுப்புல பிதுங்குற, தோள்ல தொளதொளன்னு தொங்குற ஜாக்கெட்டோட பொண்ணு மணையில உக்காந்தா, மாப்ள வீட்டுக்காரி ஒருத்தி சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான். தாலி ஏறி முடிஞ்சதும் முப்பிடாதி நேரா பஜாருக்கு வந்தா, சொரிமுத்துகிட்ட போகல, மூணாவது கடை வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனா.

“மிஷின் ஓடுனதை இந்தக் காதால கேட்டேன்! ஆவணி பூரா ஓடுச்சு! தச்ச துணி எங்கட்டி? எந்த வீட்டுல வச்சு ஓட்டுத? எங்க துணியையெல்லாம் வித்துத் தின்னுட்டுக் கள்ளன் வந்தான்னா கதை விடுத?”

ஜெபக்கனி, “எக்கா, நான் இங்கதான இருக்கேன், என் கை இங்கதான இருக்கு”ன்னா. யாரு கேட்டா? ஊருக்கு அது சட்டுனு பொருந்திப் போச்சு. மிஷின் ஓடுதுன்னா தைக்க ஆளிருக்கு. தைக்கத் தெரிஞ்சவ அவ. அப்ப அவதான். சொரிமுத்து பாவம், யாரோ செய்யுற தப்பு அவன் நெஞ்சுல கேக்கு, அய்யனாரு அவனைச் சாட்சியா வச்சிருக்காருன்னு ஒரு கெழவரு சொன்னாரு, எல்லாரும் தலையாட்டுனாங்க. ஏட்டையாவுக்கும் கடைசியில தனக்குப் புரியுற மாதிரி ஒரு கேசு கெடச்சுது. நாளைக்குக் காலையில இவன் நெஞ்சுல மைக்கை வச்சு விசாரிப்போம், அவ குரலு உள்ள கேட்டுச்சுன்னா அப்படியே வண்டியில ஏத்திர வேண்டியதுதான்னுட்டாரு. ஜெபக்கனி மகளு படிக்குற ஹாஸ்டலுக்கு அன்னைக்குச் சாயங்காலமே யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாங்க, உங்க அம்மை கள்ளின்னு. பிள்ளை போன்ல அழுததை ஜெபக்கனி வாசல்ல நின்னுதான் கேட்டா. மேல மாடியில நின்ன சொரிமுத்து அதைப் பாத்துட்டு, யார்ட்டயோ ரொம்பச் சத்தமாப் பேச ஆரம்பிச்சான், பக்கத்துல யாரும் இல்ல.

விடிஞ்சுது. அஞ்சாவது கடையில மைக் செட் வச்சிருக்க வேலாண்டி ரெண்டு ஸ்பீக்கர் குழாயைக் கொண்டாந்து லைட் கம்பத்துல கட்டுனான், ஒண்ணு ஸ்டேஷனைப் பாத்து, ஒண்ணு கோயிலைப் பாத்து. சொரிமுத்துவைப் பெஞ்சுல உக்கார வச்சு, சட்டையைக் கழட்டி, நெஞ்சுல மைக்கை வச்சு ஈரிழைத் துண்டால இறுக்கிக் கட்டுனான். பஜாரு பூராக் கூட்டம். கடையெல்லாம் பாதி அடச்சாச்சு. ஏட்டையா பக்கத்துல ஜெபக்கனி, கழுத்துல டேப்போட, ஜீப்பு பின்னால தெறந்து கெடக்கு.

“ஏலே வேலாண்டி, கல்யாண வீட்டுல மாதிரி முதல்ல ஒரு சாமிப் பாட்டுப் போடுல”ன்னான் சொரிமுத்து. கொஞ்சம் பேரு சிரிச்சாங்க.

வேலாண்டி சுவிச்சைப் போட்டான். தடக் தடக் தடக்னு தெருவே அதிர்ந்துச்சு, கம்பத்துல இருந்த காக்கா எல்லாம் எந்திரிச்சுப் போச்சு, மூணு மிஷினும் ஊரு மேல ஓடுச்சு, ஜாக்கெட் குடுத்த பொம்பளைங்க தன்னையறியாம தோளைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. ஏட்டையா கையைக் காட்டுனாரு, வேலாண்டி இன்னும் திருகுனான். மிஷின் சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு ஓரமா ஒதுங்க, அடியில இருந்து வேற ஒண்ணு எந்திரிச்சு வந்துச்சு, கரகரன்னு, இரும்பு தேயுற மாதிரி. “ஷட்டரு”ன்னு யாரோ சொன்னாங்க.

சொரிமுத்து பேச ஆரம்பிச்சான். ஏட்டையா தொப்பையைப் பத்தி ஒண்ணு, மைதீன் டீயைப் பத்தி ஒண்ணு, நின்னுட்டுப் போற ரயிலைப் பத்தி ஒண்ணு, மைக்கு நெஞ்சுல இருந்ததால ஒவ்வொண்ணும் ரெண்டு குழாயிலயும் ஊரு எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு, திரும்பி வந்ததைக் கேட்டப்ப அவனுக்கே சிரிப்பு வரல. “வாயை மூடுல, உள்ள என்னமோ வருது”ன்னு ஒருத்தன் அதட்டுனான். பகவதி மாடியில நின்னு மகனையே பாத்துக்கிட்டு இருந்தா. அவன் இன்னும் வேகமாப் பேசுனான், சொல்லு தடுக்குச்சு, சொன்னதையே சொன்னான்.

அப்பதான் ஜெபக்கனி ஏட்டையாவைத் தாண்டி நடந்து வந்தா. யாரும் தடுக்கல. நேரா வேலாண்டி பெட்டிக்கிட்ட போயி வயரைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்துட்டா. ரெண்டு குழாயும் செத்துப்போச்சு.

“ஏட்டி, ஏன் பிடுங்குன? பயமா?”ன்னு கத்துனா முப்பிடாதி.

ஜெபக்கனி அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல. பெஞ்சுக்கு முன்னால வந்து, அவன் நெஞ்சைப் பாக்காம மூஞ்சியைப் பாத்து நின்னா.

“எல்லாரும் உன் நெஞ்சைக் கேட்டாங்க தம்பி. நான் வரல. ஏன்னா நான் அன்னைக்கே உன்னைக் கேட்டேன். மாடியேறி வந்து, நீ பல்லு தேச்சுக்கிட்டு நிக்கும்போது கேட்டேன். நீ இன்னும் பதில் சொல்லல.”

“எக்கா, அது வந்து...”

“சிரிக்க வைக்காத. எம் பிள்ளை நேத்து அழுதா. நான் கள்ளியா, இல்லையா? மிஷினும் வேண்டாம் மைக்கும் வேண்டாம். உனக்கு வாய் இருக்கு. நீ சொல்லு.”

தெருவுல ஒரு சத்தமில்ல. அதைவிட, அவனுக்குள்ள ஒரு சத்தமில்ல, ஆடி கடைசியில இருந்து ஓடுன மூணு மிஷினும், முதலாளி சொல்லி முடிக்கட்டும்னு காலைத் தூக்கி வச்சுக்கிட்ட மாதிரி, நின்னுபோச்சு. நாக்கு நுனியில அவனுக்கு மூணு நாலு வேடிக்கை வந்து வரிசையா நின்னுச்சு, எப்பவும் நிக்கிற மாதிரிதான், எதை எடுத்து விட்டாலும் கூட்டத்துல பாதி சிரிச்சிருக்கும். அவன் ஒண்ணையும் எடுக்கல. கட்டியிருந்த துண்டை அவுத்து மடியில வச்சான்.

“அக்கா எடுக்கல. ரெண்டு பேரு வந்தானுவ, ஆம்பளைக. நான் மேல முழிச்சுத்தான் கெடந்தேன், போன் பாத்துக்கிட்டு. கொண்டியை நெம்புறது கேட்டுச்சு, ஷட்டரைத் தூக்குறது கேட்டுச்சு. மிஷினு கடைப் படியில இடிச்சப்ப, மெதுவாடான்னு ஒருத்தன் சொன்னதும் கேட்டுச்சு. மாடியில நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பானுவ. பயந்துட்டேன்னு சொல்லத்தான் இவ்வளவு நாளும் யோசிச்சு வச்சிருந்தேன். பயமெல்லாம் இல்ல. போறது என் சாமான் இல்லையேன்னு திரும்பிப் படுத்துட்டேன்.”